ஒரே சேற்றில் இரண்டு பாக்டீரியாக்கள், ஒன்றுக்கு மட்டும் புதிய பெயர்: மரியானா அகழி மாதிரி பற்றிய நிகழ்வு ஆய்வு

ஜப்பானின் ஆளில்லா ஆழ்கடல் கலமான கைக்கோ, 1996ஆம் ஆண்டு மேற்குப் பசிபிக்கில் உள்ள மரியானா அகழியின் சேலஞ்சர் ஆழப் பகுதியில், 10,898 மீட்டர் ஆழத்திலிருந்து கடலடிச் சேற்றை அள்ளி வந்தது. ஜப்பான் கடல்சார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தைச் சேர்ந்த சியாகி காட்டோவின் குழு அந்தச் சேற்றிலிருந்து இரண்டு பாக்டீரியாக்களைத் தூய வளர்ப்பாகப் பிரித்தெடுத்து, 1998இல் தன் முடிவுகளை வெளியிட்டது. ஒன்றின் ஆய்வக எண் டிபி21எம்டி-2, மற்றதன் எண் டிபி21எம்டி-5. இரண்டுமே 50 மெகாபாஸ்கலுக்குக் குறைந்த அழுத்தத்தில் வளரவில்லை. அதாவது, நாம் வாழும் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 500 மடங்கு அழுத்தம் இருந்தால்தான் அவை பெருகத் தொடங்கின. அதற்கு முன் உலகின் மிக ஆழமான படிவிலிருந்து இப்படிப்பட்ட உயிர்கள் பிரித்தெடுக்கப்பட்டதில்லை.

ஆயினும், 1999இல் அறிவியல் பெயர் பெற்றது டிபி21எம்டி-5 மட்டுமே. அது மோரிடெல்லா யயனோசி என்னும் புதிய சிற்றினமாக விவரிக்கப்பட்டது. டிபி21எம்டி-2, ஏற்கெனவே பெயரிடப்பட்டிருந்த ஷீவனெல்லா பெந்திகா என்னும் சிற்றினத்தில் சேர்க்கப்பட்டது. ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், ஏறக்குறைய ஒரே அழுத்தத் தேவையுடன் வாழும் இரண்டு உயிர்களில் ஒன்று மட்டும் ஏன் புதியது என்ற கேள்வியே இந்த ஆய்வின் மையம். ஒரு பாக்டீரியா எவ்வளவு வியப்புக்குரிய இடத்திலிருந்து வந்தது என்பது அதன் புதுமையைத் தீர்மானிப்பதில்லை என்பதையும், முன்பே அறியப்பட்ட உறவினங்களோடு ஒவ்வொரு நிலையிலும் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ‘புதியது’ என்ற சொல்லுக்குப் பொருள் பிறக்கிறது என்பதையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு நிகழ்வை நான் அறியேன்.

இடமும் மாதிரியும்

கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. அந்தக் கணக்கில் 10,898 மீட்டரில் அழுத்தம் சுமார் 110 மெகாபாஸ்கல். வெப்பநிலை 2 முதல் 3 பாகை செல்சியசுக்குள் இருக்கும். வெளிச்சம் அறவே இல்லை. மேலிருந்து மெல்ல உதிர்ந்து வரும் கரிமத் துகள்களே பெரும்பாலும் உணவு. கைக்கோ 1995 மார்ச்சில் முதன்முறையாக இந்த அடித்தளத்தைத் தொட்டது. அதற்கு முன்பும் ஆழ்கடல் பாக்டீரியாக்கள் பற்றிய ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. கிளாட் சோபெல் 1949இல் அழுத்தத்தை விரும்பும் பாக்டீரியாக்களுக்கென ஒரு தனிச் சொல்லை முன்வைத்தார். 1950 முதல் 1952 வரை நடந்த கலத்தியா கடற்பயணத்தில் பங்கேற்று, அகழிப் படிவுகளில் அவற்றைத் தேடினார். ஆனால் உயர் அழுத்தத்தை உண்மையிலேயே விரும்பி வளரும் ஒரு பாக்டீரியாவைத் தூய வளர்ப்பாகக் காட்டியது 1979இல் அரிஸ்டைடிஸ் யயனோசின் குழுவே. அதே குழு 1981இல், மரியானா அகழியில் பிடிபட்ட ஒரு சிறு ஓட்டுடலியிலிருந்து, உயர் அழுத்தம் இல்லாமல் வளரவே இயலாத ஒரு பாக்டீரியாவையும் பிரித்தெடுத்தது. ஓட்டுடலி நீந்தும் விலங்கு. ஆகவே, அடித்தளச் சேற்றிலேயே இப்படிப்பட்டவை நிலையாக வாழ்கின்றனவா என்ற கேள்வி அதன் பிறகும் விடையின்றி நின்றது.

அந்தக் கேள்வி எளிதானதன்று. சேறு, மேலிருந்து விழுவதையெல்லாம் ஏற்கும் இடம். நிலத்திலிருந்து காற்றிலும் ஆற்றிலும் வந்த வித்துகள், மேற்பரப்பு நீரில் மடிந்த உயிர்களோடு இறங்கிய பாக்டீரியாக்கள், தொலைவிலுள்ள வெப்ப ஊற்றுகளிலிருந்து நீரோட்டம் சுமந்து வந்தவை என எல்லாமே அங்கே வந்து தங்கும். கைக்கோ இதே சேலஞ்சர் ஆழத்தில் அள்ளிய சேற்றை ஹிடேட்டோ டக்காமியின் குழு சாதாரண அழுத்தத்தில் வளர்த்துப் பார்த்து, 1997இல் முடிவை வெளியிட்டது. ஒரு கிராம் உலர் சேற்றுக்குப் பல்லாயிரக்கணக்கில் சாதாரணப் பாக்டீரியாக்கள் முளைத்தன. அவற்றோடு காரத்தன்மையை விரும்புபவையும், 2 பாகை குளிரில் வாழவே முடியாத வெப்ப விரும்பிகளும் கூட முளைத்தன. ஆழ்கடல் பாக்டீரியா பற்றிய எந்த அறிக்கையை வாசிக்கும்போதும் இந்த முடிவை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். 11 கிலோமீட்டர் ஆழத்துச் சேற்றை அகார் என்னும் ஊட்டக்கூழ் நிரப்பிய தட்டில் பூசி, அடுத்த வாரம் ஒரு குழுமம், அதாவது பாக்டீரியாக்கள் பெருகிய ஒரு புள்ளி, தோன்றினால், அது ஆழ்கடலில் கிடைத்த பாக்டீரியா என்று மட்டுமே சொல்ல முடியும். அங்கே வாழும் பாக்டீரியா என்று சொல்வதற்கு வேறு சான்று தேவை.

காட்டோ குழுவின் சான்று அழுத்தமே. 50 மெகாபாஸ்கலுக்குக் கீழே வளராத ஓர் உயிர், கப்பலின் தளத்திலிருந்தோ ஆய்வகத்தின் மேசையிலிருந்தோ மாதிரிக்குள் புகுந்திருக்க வாய்ப்பில்லை. மேற்பரப்பு நீரில் பிறந்து தற்செயலாக மூழ்கியதாகவும் இருக்க முடியாது, ஏனெனில் அங்கே அதனால் பெருக இயலாது. ஏறத்தாழ 5,000 மீட்டருக்குக் கீழேதான் அதன் வாழிடம் தொடங்குகிறது. மாசு புகவில்லை என்பதை நிறுவ ஆய்வாளர்கள் வழக்கமாகப் பல கட்டுப்பாட்டுச் சோதனைகள் செய்ய வேண்டியிருக்கும். இங்கே அந்தச் சான்றைப் பாக்டீரியாவின் உடலியங்கியலே அளித்துவிடுகிறது.

பிரித்தெடுத்தல்

சாதாரணப் பாக்டீரியாவைத் தூய்மைப்படுத்த, அதை அகார் தட்டில் கோடுகளாக இழுத்துப் பரப்பி, தனித்து முளைக்கும் ஒரு குழுமத்தை எடுத்து மீண்டும் பரப்புவார்கள். உயர் அழுத்தத்தில் இதைச் செய்வது கடினம். அழுத்தம் நீர்மத்தின் வழியாகவே செலுத்தப்படுவதால், வளர்ப்பு ஊடகத்தைக் காற்றுக்குமிழி இல்லாத நெகிழிப் பையிலோ குழாயிலோ அடைத்து, நீர் நிரம்பிய தடித்த உலோகக் கலனுக்குள் வைத்து, பம்பால் அழுத்தத்தை ஏற்ற வேண்டும். காற்று இல்லாத இடத்தில் ஆக்சிஜனும் குறைவாகவே இருக்கும். அதற்கென, ஆக்சிஜனை மிகுதியாகக் கரைத்து வைத்துக்கொள்ளும் ஃபுளோரோகார்பன் திரவத்தை ஊடகத்தோடு சேர்க்கும் முறையைக் காட்டோவின் குழு கையாண்டுவந்தது.

தனித்த குழுமம் கிடைக்காத நிலையில், படிப்படியாக நீர்த்தல் என்னும் முறை உதவுகிறது. ஒரு துளி வளர்ப்பைப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என நீர்த்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் சில குழாய்களில் மட்டுமே ஓர் உயிரணு விழுந்திருக்கும். அந்தக் குழாயில் வளர்வது பெரும்பாலும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்களாக இருக்கும். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை இங்கே விட்டுவிட முடியாது. இரண்டு இனங்கள் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தால் அவை பல நீர்த்தல்களுக்குப் பின்னும் சேர்ந்தே வரும். ஆகவே நுண்ணோக்கிப் பார்வை, மரபணு வரிசை ஆகிய இரண்டாலும் தூய்மையை உறுதி செய்யாமல் வகைப்பாட்டுக்குள் நுழையக் கூடாது.

கலனைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் வளிமண்டல அளவுக்கு இறங்கிவிடுகிறது. 1981இல் பிரித்தெடுத்த பாக்டீரியா, அழுத்தம் நீங்கியதும் உடனே மடியாமல், மெல்ல மெல்லத் தன் உயிர்த்திறனை இழக்கிறது என்று யயனோசின் குழு 1983இல் காட்டியது. குளிர்ந்த நிலையில் வேகமாக வேலை செய்து, கலனை விரைவில் மூடினால் வளர்ப்பு தொடரும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். அழுத்தத்தை ஒருபோதும் இறக்காமலே மாதிரி எடுத்து, நீர்த்து, வளர்க்கும் ஒரு கருவித் தொகுதியையும் அந்த ஜப்பானிய மையம் உருவாக்கியது. அழுத்தம் இறங்கும் சிறிது நேரத்தைக்கூடத் தாங்காத பாக்டீரியாக்கள் சேற்றில் இருந்தால், அவை நம் பட்டியல்களில் இன்னும் இடம்பெறவே இல்லை என்று பொருள்.

இந்த முறையில் வளர்த்து, 10 பாகை செல்சியசில் அளந்தபோது, டிபி21எம்டி-2 மிக நன்றாக வளர்ந்த அழுத்தம் 70 மெகாபாஸ்கல். டிபி21எம்டி-5க்கு அது 80 மெகாபாஸ்கல். இரண்டுமே தம் வாழிடத்தின் 110 மெகாபாஸ்கலைவிடக் குறைவு. இதை முரண்பாடாகக் கொள்ள வேண்டியதில்லை. சோதனை நடந்த 10 பாகை, அகழியின் வெப்பநிலையைவிடக் கூடுதல். ஒரு பாக்டீரியாவுக்கு உகந்த அழுத்தம் வெப்பநிலையோடு சேர்ந்து மாறுகிறது. ஆழ்கடல் பாக்டீரியாக்கள் பலவற்றுக்கும் உகந்த அழுத்தம் அவற்றின் வாழிட அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாகவே அளக்கப்பட்டிருக்கிறது. எனவே, வெப்பநிலையைச் சொல்லாமல் ஓர் அழுத்த எண்ணை மட்டும் தரும் விவரிப்பு அரைகுறையானது.

வகைப்பாடு

முதல் படி, 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுவின் வரிசை. எல்லாப் பாக்டீரியாக்களிலும் இருக்கும் இந்த மரபணு மிக மெதுவாக மாறுவதால், தொலைதூர உறவுகளையும் அளக்க உதவுகிறது. ஏறத்தாழ 1,500 எழுத்துகள் கொண்ட இதன் வரிசையை அறிந்த இனங்களின் வரிசைகளோடு ஒப்பிட்டபோது, டிபி21எம்டி-2 ஷீவனெல்லா பேரினத்துக்குள், ஷீவனெல்லா பெந்திகாவுக்கு மிக அருகில் அமைந்தது. டிபி21எம்டி-5 மோரிடெல்லா பேரினத்தோடு நெருங்கி நின்றது. அந்தப் பேரினத்தில் அப்போது இருந்தவை இரண்டே சிற்றினங்கள்: முன்பு விப்ரியோ பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த மோரிடெல்லா மரினா, ஜப்பான் அகழியின் 6,356 மீட்டர் ஆழத்திலிருந்து வந்த மோரிடெல்லா ஜப்போனிகா.

இவ்விடத்தில் நிறுத்திவிட்டுப் பெயரிட முனைவோர் உண்டு. ஆனால் 16எஸ் வரிசை பேரினத்தைக் காட்டும் அளவுக்குச் சிற்றினத்தைக் காட்டாது. 1994இல் முன்வைக்கப்பட்ட அளவுகோலின்படி, இந்த வரிசையில் ஒற்றுமை 97 விழுக்காட்டுக்குக் குறைந்தால் இரண்டு உயிர்களும் வெவ்வேறு சிற்றினங்கள் என்று கொள்ளலாம். அதன் மறுதலை உண்மையன்று: 99 விழுக்காடு ஒத்திருந்தும் வெவ்வேறு சிற்றினங்களாக நிற்பவை பல. மெதுவாக ஓடும் கடிகாரத்தின் மணிமுள்ளை மட்டும் பார்த்து நிமிடத்தைச் சொல்ல முடியாததைப் போன்றது இது.

நிமிடத்தைக் காட்டும் முள்ளாக அக்காலத்தில் இருந்தது டிஎன்ஏ–டிஎன்ஏ கலப்பு. ஒரு பாக்டீரியாவின் முழு டிஎன்ஏவையும் ஒற்றை இழைகளாகப் பிரித்துத் தட்டின் குழிகளில் நிலைநிறுத்தி, மற்றொன்றின் அடையாளமிட்ட ஒற்றை இழைகளை அதன்மேல் இட்டு, குறிப்பிட்ட வெப்பநிலையில் எவ்வளவு இழைகள் இணைசேர்கின்றன என்று அளப்பார்கள். தன்னோடு தான் சேரும் அளவை 100 எனக் கொண்டால், 70 விழுக்காடும் அதற்கு மேலும் சேர்பவை ஒரே சிற்றினம் என்பது 1987இல் பன்னாட்டு வல்லுநர் குழு பரிந்துரைத்த அளவுகோல். உழைப்பு மிகுந்த முறை இது. ஒவ்வொரு இணைக்கும் தனித்தனியே சோதனை செய்ய வேண்டும், ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண்கள் சற்று மாறும், அளந்த எண்ணைத் தரவுத்தளத்தில் போட்டுப் பிறகு வரும் இனங்களோடு ஒப்பிடவும் வழியில்லை. ஆயினும், இந்த நிகழ்வில் தீர்ப்பை எழுதியது அதுவே.

டிபி21எம்டி-2, ஷீவனெல்லா பெந்திகாவோடு ஒரே சிற்றினமாகக் கொள்ளும் அளவுக்கு இணைந்தது. டிபி21எம்டி-5, மோரிடெல்லாவின் அறிந்த சிற்றினங்களோடு அந்த அளவுக்கு இணையவில்லை. உறவு நெருக்கமே, ஆனால் 70 விழுக்காட்டுக் கோட்டுக்குக் கீழே. இத்தோடு, அழுத்தம் இல்லாமல் வளரவே இயலாத முதல் மோரிடெல்லா என்ற உடலியங்கியல் வேறுபாடும் சேர்ந்ததால், யுய்ச்சி நோகியும் காட்டோவும் 1999இல் அதைப் புதிய சிற்றினமாக விவரித்தனர்.

இதற்கு எதிராக எழக்கூடிய ஒரு வாதத்தை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். ஷீவனெல்லா பெந்திகாவில் சேர்க்கப்பட்ட வேறு சில ஸ்ட்ரெயின்கள், அதாவது ஒரே சிற்றினத்துக்குள் தனித்தனியே பிரித்தெடுக்கப்பட்ட வளர்ப்புகள், வளிமண்டல அழுத்தத்திலும் வளரக்கூடியவை. டிபி21எம்டி-2 அந்நிலையில் வளராது. ஒன்று வாழும் இடத்தில் மற்றொன்று வாழ முடியாது என்றால், இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது முறையா? இயற்கைச் சூழலின் கண்ணோட்டத்தில் இந்தக் கேள்விக்கு வலு இருக்கிறது. இருந்தும், சேர்த்து வைத்த முடிவையே சரியென்று கருதுகிறேன். சில மரபணுக்களிலோ அவற்றின் கட்டுப்பாட்டிலோ ஏற்படும் மாற்றம் ஓர் உயிரின் அழுத்த வரம்பைப் பெரிதும் நகர்த்திவிட முடியும். அப்படிப்பட்ட ஒரே ஒரு பண்பை வைத்துச் சிற்றினத்தைப் பிரித்தால், நாளை வெப்பநிலையை வைத்து ஒருவரும் உப்புத்தன்மையை வைத்து இன்னொருவரும் பிரிப்பார்கள். எதிர்த்திசையில் ஷீவனெல்லா வயலேசியாவைப் பாருங்கள். ரியுக்யு அகழியின் 5,110 மீட்டர் ஆழத்திலிருந்து வந்து, ஊதா நிறமி உண்டாக்கும் இந்தப் பாக்டீரியா, 16எஸ் வரிசையில் ஷீவனெல்லா பெந்திகாவுக்கு மிக நெருங்கியது. ஆயினும் டிஎன்ஏ கலப்பில் விலகியதால் தனிச் சிற்றினமானது. ஒரே அளவுகோல் ஒன்றைச் சேர்க்கவும் மற்றொன்றைப் பிரிக்கவும் பயன்பட்டது. விரும்பும் விடையைத் தரும்போது மட்டும் ஓர் அளவுகோலை ஏற்பது வகைப்பாடு ஆகாது.

கொழுப்பு அமிலங்கள் பற்றி ஓர் எச்சரிக்கை

டிபி21எம்டி-5இன் சவ்வுக் கொழுப்புகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் என்று கண்டறியப்பட்டது. மோரிடெல்லாக்களின் தனி அடையாளமான, 22 கார்பன்களும் ஆறு இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட டிஎச்ஏவும் அதில் உண்டு. ஆழ்கடல் ஷீவனெல்லாக்களில் இதன் இடத்தில் 20 கார்பன்கள் கொண்ட இபிஏ இருக்கும். இந்த வேறுபாடு இரண்டு பேரினங்களையும் பிரித்தறிய மிகவும் பயன்படுகிறது. அழுத்தம் சவ்வுகளை இறுக்கிக் கெட்டிப்படுத்துகிறது, இரட்டைப் பிணைப்புகள் அவற்றை நெகிழ வைக்கின்றன, ஆகவே இந்த அமிலங்கள் அழுத்தத்துக்கான தகவமைப்பு என்ற விளக்கம் இயல்பாகவே தோன்றும். ஆனால் 1999இலேயே, ஃபோட்டோபாக்டீரியம் புரோஃபண்டம் என்னும் வேறோர் ஆழ்கடல் பாக்டீரியாவில் செய்த மரபணுச் சோதனையில், இபிஏ இல்லாமலும் அது உயர் அழுத்தத்தில் வளர்ந்தது. ஒற்றை இரட்டைப் பிணைப்பு கொண்ட கொழுப்பு அமிலங்கள் குறைந்தபோதுதான் வளர்ச்சி தடைப்பட்டது. ஒரு வேதிப்பொருள் உறவை அடையாளம் காட்டலாம். அந்த உயிர் அங்கே வாழ்வதற்கு அதுவே காரணம் என்று அதனால் நிறுவப்பட்டுவிடாது. சிற்றின விவரிப்புகளில் இந்த இரண்டும் ஒரே பத்தியில் கலந்துவிடுவதை அடிக்கடி காண்கிறோம்.

பெயரும் சான்றும்

யயனோசி என்ற சிற்றினப் பெயர், இத்துறையின் முன்னோடியான யயனோசைச் சிறப்பிக்கிறது. மோரிடெல்லா என்ற பேரினப் பெயர், கடல் நுண்ணுயிரியலாளர் ரிச்சர்டு மோரிட்டாவைக் குறிக்கிறது. பாக்டீரியாப் பெயர்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பின்படி, 1980 ஜனவரி 1இல் ஏற்கப்பட்ட பட்டியலே தொடக்கப் புள்ளி. அதன்பின் வரும் எந்தப் பெயரும் அதற்கென உள்ள பன்னாட்டு இதழில் வெளிவர வேண்டும், அல்லது வேறு இதழில் வெளிவந்தால் அதன் ஏற்புப் பட்டியலில் இடம்பெற வேண்டும். மோரிடெல்லா யயனோசி இரண்டாவது வழியில் ஏற்கப்பட்டது. அதன் வகைச் சான்று ஸ்ட்ரெயின், அதாவது அந்தப் பெயரை என்றென்றும் தாங்கி நிற்கும் உயிருள்ள வளர்ப்பு, ஜப்பானின் நுண்ணுயிர் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டது. 2001 முதல் விதி கடுமையானது: இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு காப்பகங்களிலாவது வகைச் சான்று இருக்க வேண்டும்.

அந்த விதியின் நோக்கம் நல்லது. ஒரு காப்பகத்தில் விபத்து நேர்ந்தாலும் சான்று அழியாது. ஆனால் அழுத்த விரும்பிகளுக்கு இது பெரும் தடை. காப்பகம், வந்த வளர்ப்பைத் தானே உயிர்ப்பித்துச் சரிபார்த்த பிறகே சான்றிதழ் தரும். உயர் அழுத்தக் கலனும் அதை இயக்கப் பழகியவர்களும் இல்லாத காப்பகத்தால் இதைச் செய்ய இயலாது. இதன் விளைவாக, நன்கு ஆராயப்பட்ட சில ஆழ்கடல் பாக்டீரியாக்கள் ஏற்கப்பட்ட பெயரின்றி ஆய்வக எண்ணோடே நிற்க நேர்கிறது. இந்த நிலை மாற வேண்டுமானால், விதியைத் தளர்த்துவதைவிட, ஒவ்வொரு கண்டத்திலும் ஒரு காப்பகத்துக்காவது அழுத்த வசதி அளிப்பதே சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து.

இதே வேலை இன்று நடந்தால்

டிஎன்ஏ கலப்பின் இடத்தை முழு மரபணுத்தொகை ஒப்பீடு பிடித்துவிட்டது. இரண்டு மரபணுத்தொகைகளில் பொதுவாக உள்ள பகுதிகளின் சராசரி ஒற்றுமை 95 முதல் 96 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஒரே சிற்றினம் என்பது இன்றைய அளவுகோல். அது பழைய 70 விழுக்காட்டுக் கோட்டோடு பொருந்துமாறு அமைக்கப்பட்டது. 16எஸ் அளவுகோலும் 97இலிருந்து ஏறத்தாழ 98.7 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது. இந்த எண்களைத் தரவுத்தளத்தில் சேமிக்கலாம், யாரும் மீண்டும் கணக்கிடலாம் என்பதே பெரிய நன்மை.

அழுத்தத்தின் சாதனைகளும் நகர்ந்திருக்கின்றன. 2017இல் விவரிக்கப்பட்ட கோல்வெல்லியா மரினிமேனியே, சேலஞ்சர் ஆழத்து ஓட்டுடலியிலிருந்து வந்தது. 120 மெகாபாஸ்கலில் மிக நன்றாகவும், 140 மெகாபாஸ்கல் வரையிலும் வளர்கிறது. இன்னொரு பக்கம், படிவில் உள்ள பெரும்பாலான பாக்டீரியாக்களை இன்றும் யாரும் வளர்த்ததில்லை. சேற்றிலிருந்து நேரடியாக எடுத்த டிஎன்ஏவைக் கொண்டே அவற்றின் மரபணுத்தொகைகள் தொகுக்கப்படுகின்றன. வளர்ப்பு இல்லாத இவற்றுக்கு நெடுங்காலம் ‘கேண்டிடேட்டஸ்’ என்ற முன்னொட்டோடு தற்காலிகப் பெயரே கிடைத்தது; 2022இல் வந்த சீக்கோடு என்னும் தனி விதித்தொகுப்பு, தரமான மரபணுத்தொகையையே வகைச் சான்றாக ஏற்கிறது. வளர்க்க முடியாதவற்றைப் பற்றிப் பேச ஒரு நிலையான பெயர் தேவை என்பதால் இதை வரவேற்கிறேன். ஆயினும், டிபி21எம்டி-2க்கு 50 மெகாபாஸ்கலுக்குக் கீழே வாழ்வில்லை என்பதை எந்த மரபணு வரிசையிலிருந்தும் இன்று நம்மால் படித்தறிய முடியாது. அதைச் சொல்லியது அழுத்தக் கலனுக்குள் வைத்த வளர்ப்பே.

அதனால், இனி ஆழ்கடல் படிவிலிருந்து ஒரு பாக்டீரியாவை விவரிப்பவர், மரபணுத்தொகையோடு சில எளிய விவரங்களையும் தவறாமல் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: மாதிரி அழுத்தம் இறங்கி எவ்வளவு நேரம் இருந்தது, எந்த வெப்பநிலையில், முதல் வளர்ப்பு எந்த அழுத்தத்தில் தொடங்கியது, வளிமண்டல அழுத்தத்தில் எத்தனை நாள் காத்திருந்த பின் ‘வளரவில்லை’ என்று முடிவு செய்யப்பட்டது. அழுத்தத்தில் சோதிக்கவே இல்லையென்றால் அதையும் வெளிப்படையாக எழுத வேண்டும். அப்போதுதான் வாசிப்பவர், அந்தப் பாக்டீரியா ஆழத்தில் வாழ்வதா, ஆழத்துக்கு வந்து சேர்ந்ததா என்பதைத் தாமே எடைபோட முடியும்.